பச்சை என்று சொன்ன வாய்

அத்தியாயம் 14

தொப்பியில்தான் ஆரம்பித்தது. முப்பது வருஷமாக வீட்டு வாசலிலேயே ரயில்வே தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு கிளம்பிய மனிதர், கொஞ்ச நாளாக அதைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார், எண்ணெய் வாங்கப் போகிறவர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு போவது போல. மிட்சுயோ அதைப் போன வாரமே பார்த்துவிட்டாள். ஏன் என்று கணவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மூன்று வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான் வந்தது. முதலில் சீப்பு பட்டால் முடியின் வேரில் வலி. பிறகு காதுக்குள் சில்வண்டு இரைச்சல். பிறகு ஒரு காலையில் ஷின்பெய் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "ஜன்னல்ல தண்ணி வழியுதா என்ன?" என்று கேட்டார். ஜன்னலில் தண்ணீர் இல்லை. அவருடைய இரண்டு கண்ணுக்குள்ளும் நீர் கோத்திருந்தது.

ஹரடா நோய் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே வீட்டுக்காரரைப் பிடித்து அடிக்கிற கூத்து. அந்தக் காவல்காரனை அடக்கி வைக்க ஊசி, மாத்திரை, மாத்திரைக்கு மேல் மாத்திரை. கண் தெளிந்தது. ஆனால் அந்த மாத்திரையைச் சாப்பிடும் வரை ரயில் ஓட்டக் கூடாது என்று கம்பெனியில் விதி. ஷின்பெய் கனேசகி ஸ்டேஷன் கவுன்ட்டரில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கழிப்பறை எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வசந்தத்தில் மாத்திரை நின்றது. "இன்னும் ஆறு மாசம் குறைஞ்ச அளவுல சாப்பிடட்டுமே, அதுதான் நல்லது" என்றார் கண் டாக்டர். ஓட்டுநர் தேர்வு ஜூலையில் இருந்தது. ஷின்பெய் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மிட்சுயோதான் வாயைத் திறந்தாள்.

"நிறுத்திடலாமே டாக்டர்."

டாக்டர் நிறுத்தினார். நிறுத்தும்போது இதையும் சொன்னார்: "நிறுத்தினவங்கள்ல சிலருக்குத் திரும்பி வரும். முதல் வருஷம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கணும். தலைவலி, காது இரைச்சல், மங்கல், எது வந்தாலும் அன்னிக்கே ஓடி வாங்க. உடனே வந்தா அடக்கிடலாம். தள்ளிப் போட்டா, போன பார்வை போனதுதான்."

அன்றைக்கு மிட்சுயோ, நல்ல காரியத்துக்கு மட்டும் செய்கிற சிவப்புச் சோற்றைக் காராமணி போட்டு அவித்தாள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஆளுக்கொரு கிண்ணம். குராமோச்சி ஷின்பெய்க்குக் கண் சரியாகிவிட்டது என்று ஊர் முழுக்கத் தெரிந்தது.

இன்று திங்கட்கிழமை. முடி வெட்டும் கடைகளுக்கு விடுமுறை. மகள் ஷியோரி கடைத்தெரு சலூனில் வேலை பார்க்கிறாள். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அப்பாவின் தலை அவள் கையில். சமையலறையில் பழைய செய்தித்தாளை விரித்து, நாற்காலியைப் போட்டு, கத்தரியோடு நின்றாள்.

"இன்னிக்கு வேணாம்மா. குளிருது."

"குளிருதுன்னா முடி தானா உள்ள போயிடுமாப்பா? போன மாசமும் இதே கதைதான். பிடரியைத் தொட்டுப் பாரு, கரடி மாதிரி இருக்கு. உன் தலையைப் பாத்தவங்க, உன் பொண்ணு சலூன்ல வேலை செய்யறாள்னா நம்புவாங்களா?"

"வண்டிக்கு நேரமாச்சு."

"மத்தியான வண்டிக்குக் காலையிலயே நேரமாச்சா? உக்காருப்பா."

விளையாட்டாகச் சீப்பை அவர் தலையில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். ஷின்பெய் துள்ளி எழுந்தார். முழங்கை பட்டு மீசோ சூப் கிண்ணம் கவிழ்ந்து செய்தித்தாளெல்லாம் நனைந்தது.

"உன் கை ஐஸ் மாதிரி இருக்கு!" என்றார்.

அவள் கை அவர் மேல் படவே இல்லை. ஷியோரி கையிலிருந்த சீப்பைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். மிட்சுயோ துணியை எடுத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

ஷின்பெய் சீருடைக் கோட்டை மாட்டிக்கொண்டார். போகும் வழியில் அடுப்புக்கு எதிரே நின்று, கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் சுட்டினார்.

"அடுப்பு, அணைச்சாச்சு!"

"அடுப்பு, அணைச்சாச்சு," என்றார்கள் தாயும் மகளும்.

இது ரயில்காரர்களின் பழக்கம். சிக்னல் விளக்கை விரலால் சுட்டி, நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் அவரும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஷின்பெய் இதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். கதவு, பூட்டியாச்சு. குழாய், மூடியாச்சு. கல்யாணமான புதிதில் மிட்சுயோவுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு பழகிவிட்டது. இப்போதெல்லாம் தூக்கத்தில் அவர் எதையாவது சொன்னால்கூட இவளும் தூக்கத்திலேயே திருப்பிச் சொல்வாள்.

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அம்மா," என்றாள் ஷியோரி. "அடுப்பு எரியுது."

எரிந்துகொண்டுதான் இருந்தது. கெட்டிலுக்கு அடியில் சின்னதாக, நீலமாக.

"நானும் அணைச்சாச்சுன்னுதானே சொன்னேன்?" என்றாள் மிட்சுயோ.

"நானும்தான் சொன்னேன்."

ஷியோரி அடுப்பை அணைத்தாள். மிட்சுயோ கெட்டிலை இறக்கி வைத்தாள்.

"போன வாரம்தானேடி செக்கப்புக்குப் போயிட்டு வந்தார்? டாக்டர் ஒண்ணுமில்லைன்னுட்டாராம்."

"யாரு கூட்டிட்டுப் போனா?"

"தனியாத்தான் போனார். கார்ல."

சொல்லும்போதே மிட்சுயோவுக்கு உறைத்தது. கண்ணைச் சோதிக்க அங்கே ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். விட்டால் சாயங்காலம் வரை வெளிச்சம் கூசும், கார் ஓட்டவே முடியாது. மூன்று வருஷமாக ஒவ்வொரு முறையும் அவள்தான் ஓட்டிக்கொண்டு வருவாள். பக்கத்து இருக்கையில் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஏதோ பெரிய சினிமா நடிகர் மாதிரி சாய்ந்திருப்பார். போன வாரம் அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். கறுப்புக் கண்ணாடி வீட்டு அலமாரியில் இருந்தது.

"அப்பா ஆஸ்பத்திரிக்கே போகலம்மா."

"கத்தாதே."

"கத்தலையே. இவகுரா மாமாகிட்ட சொல்லு. இப்பவே போன் போடு."

இவகுரா டெப்போவில் ஷிப்ட் தலைவர். ஷின்பெய்க்கு இரண்டு வருஷம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர். மேலதிகாரிகள் தயங்கியபோது, "அவரை ஓட்ட விடுங்க, நான் பொறுப்பு" என்று நின்று, ஷின்பெயை மறுபடி ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தவர் அவர்தான். அவரிடம் சொன்னால் ஷின்பெயின் வேலை போகும். கூடவே இவகுராவின் வார்த்தையும் போகும். சொல்லாவிட்டால் எது போகும் என்று மிட்சுயோவுக்கு நன்றாகத் தெரியும். அதை அவள் மனதுக்குள்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

"முதல்ல நான் பாக்கறேன்," என்றாள்.

"என்னத்தைப் பாப்பே?"

"அவருக்கு என்ன தெரியுதுன்னு பாக்கறேன். சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போயிட்டார் பாரு. கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

அவர் மறக்கவில்லை. சூப் கவிழ்ந்த களேபரத்தில் மிட்சுயோதான் எடுத்துக் கொடுக்கவில்லை.

மத்தியான வண்டி ஒற்றைப் பெட்டி. கண்டக்டர் கிடையாது, ஓட்டுநர் ஒருவர்தான். அவர் இருக்கைக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு, பக்கத்தில் கட்டணப் பெட்டி. மிட்சுயோ தடுப்பை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்தாள். ஷின்பெய் திரும்பிப் பார்க்கவில்லை. தொப்பி போட்டிருந்தார். கன்னத் தசை இறுகியிருந்தது. இங்கே தொப்பி கட்டாயம்.

"புறப்பாட்டு சிக்னல், பச்சை!"

வெள்ளைக் கையுறை போட்ட விரல் நேராக நின்றது. விளக்கு பச்சைதான். மிட்சுயோ மூச்சு விட்டாள். வண்டி மீன் பதனிடும் கொட்டகைகளைத் தாண்டி, கடலோரமாக இசோநாமியை நோக்கி ஓடியது. அடுத்த சிக்னலும் பச்சை, அவர் சொன்னதும் பச்சை. நாமாகத்தான் எதையோ கற்பனை செய்துகொண்டோம் என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. நல்ல சாப்பாட்டை வைத்துக்கொண்டு ரயிலில் சுற்றுகிறாளே பைத்தியக்காரி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மட்சுகாசே சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்தது. அது முடியும் இடத்தில் பாதை இடப்பக்கம் வளையும். பாறையைத் தாண்டிய பிறகுதான் ஸ்டேஷன் சிக்னல் கண்ணுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவளுக்கு இந்தப் பாதை தெரியும்.

விரல் எழுந்தது.

"மட்சுகாசே சிக்னல், பச்சை!"

எதிரே பாறைதான் இருந்தது. வெறும் பாறை, ஈரம், கொஞ்சம் பாசி.

வண்டி வளைந்தது. பாறை விலகியது. விளக்கு மஞ்சள்.

எதிர் வண்டி தாமதம் போலிருக்கிறது. மஞ்சள் என்றால் மெதுவாக உள்ளே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மட்சுகாசேயில் எப்படியும் நிற்கிற வண்டி. அவரும் வழக்கமாகப் பிரேக் பிடிக்கிற இடத்தில் பிரேக் பிடித்தார், வழக்கமான கோட்டில் நிறுத்தினார். ஒரு பள்ளிக்கூடப் பெண் இறங்கினாள். ஒருவர் ஏறினார். பெட்டியில் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை.

மிட்சுயோவுக்கு மட்டும் நடந்தது. சாப்பாட்டு டப்பாவைக் கட்டியிருந்த துணியின் முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இவர் பார்ப்பதில்லை. மனப்பாடமாக ஒப்பிக்கிறார். காலையில் அடுப்பிடம் சொன்னாரே, அதே போல.

இசோநாமி கடைசி ஸ்டேஷன். ஆள் இல்லாத ஸ்டேஷன். ஒரு கொட்டகை, ஒரு குளிர்பான இயந்திரம், ஒரு பெஞ்சு. வண்டி திரும்பக் கிளம்புவது பள்ளிக்கூடம் விட்டு, வெயில் சாய்கிற நேரத்தில்தான். ஷின்பெய் இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு தொப்பியைக் கழற்றினார்.

"எதுக்கு வந்தே?"

"டப்பா."

"ஒரு வேளை சாப்பிடலைன்னா செத்தா போயிடுவேன்?"

அவர் மூடியைத் திறந்தார். மிட்சுயோ பக்கத்தில் உட்கார்ந்து, தண்டவாளத்தின் மறுமுனையில் இருந்த புறப்பாட்டு சிக்னலைக் காட்டினாள்.

"அது என்ன நிறம்?"

"சிவப்பு."

"தெரியுதா?"

"வண்டி நிக்குதில்ல? நின்னா சிவப்புதான்."

"நான் அதைக் கேக்கல."

முட்டைச் சுருளை எடுத்த குச்சிகள் டப்பாவின் ஓரத்திலேயே நின்றன.

"வெளிச்சம் வட்டமாத் தெரியுது," என்றார் கடைசியில். "உடைஞ்ச வட்டம். நிறம் சில சமயம் தெரியும், சில சமயம் வெளுத்துப் போகும். காலையில மோசம். மத்தியானம் பரவாயில்லை."

"எப்ப இருந்து?"

"நண்டு சீசன் ஆரம்பிச்சதுல இருந்து. ஒரு மாசத்துக்கு மேல."

"இத்தனை நாள் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா என்ன பண்ணியிருப்பே? ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பே. மறுபடி மாத்திரை. மாத்திரைன்னா கவுன்ட்டர். எனக்கு அம்பத்திநாலு வயசு மிட்சுயோ. இன்னொரு தடவை எறக்கினாங்கன்னா ஏத்தவே மாட்டாங்க. கழிப்பறைக்கு வழி சொல்லியே ரிட்டயர் ஆகச் சொல்றியா?"

"கண்ணு போயிட்டா வழிகூடச் சொல்ல முடியாதுங்க."

"எல்லாருக்குமா போகுது? தானா அடங்கும். போன தடவை ஒரேயடியா வந்துச்சு. இது அப்படி இல்லை."

"டாக்டர் அப்படியா சொன்னார்?"

"மெஷின் இருக்கு. சிவப்பைத் தாண்டினா வண்டி தானா நின்னுடும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"அப்ப உங்க விரல் எதுக்கு? மெஷினே பாத்துக்குமே!"

அது பட்டது. ஷின்பெய் டப்பாவை மூடினார். பிறகு மிட்சுயோ வாழ்க்கையில் பார்க்காத ஒன்றைச் செய்தார். பெஞ்சில் உட்கார்ந்தபடியே, முழங்காலில் கை வைத்து, மனைவிக்கு முன் தலை குனிந்தார்.

"புது வருஷம் வரைக்கும் விடு. அதுக்குள்ள சரியாகலைன்னா நானே சொல்லிடறேன். இவகுரா கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கறான். இந்த மாசமே அவன் தலையில கல்லைப் போட முடியாது."

குனிந்த தலையின் பின்பக்கம் கரடி மாதிரிதான் இருந்தது. சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். மிட்சுயோவுக்கு வரவில்லை. மேடையில் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் ஒரு கூட்டம், நண்டுக் கூடையோடு ஒரு வியாபாரி அம்மாள். அடுத்த வண்டி இருட்டின பிறகுதான். மாற்று ஓட்டுநர் கனேசகியை விட்டால் கிடையாது. இப்போது கத்தினால் இத்தனை பேரும் குளிரில் நிற்பார்கள். இவர் இவர்கள் நடுவே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். கத்தாவிட்டால் இவர் இவர்களை ஏற்றிக்கொண்டு மேற்கே, விழுகிற வெயிலுக்கு நேராக ஓட்டுவார்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அந்த நேரத்தில் அவள் செய்ததை, ரயில்காரன் பெண்டாட்டியாக முப்பது வருஷம் இருந்தவள்தான் செய்ய முடியும்.

"நான் பின்னால நிக்கறேன்," என்றாள். "நான் பாத்துச் சொல்றேன். நீங்க அதைச் சொல்லுங்க."

ஷின்பெய் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்குப் பயமாக இருந்தது.

வண்டி நிறைந்துவிட்டது. மிட்சுயோ கட்டணப் பெட்டிக்குப் பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்ற பலகை அவள் மூக்குக்கு நேராக இருந்தது.

"பச்சை," என்றாள் மெதுவாக.

"புறப்பாட்டு சிக்னல், பச்சை!"

பள்ளிக்கூடப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். வயசான காலத்தில் பெண்டாட்டி வண்டி வரை வந்து கொஞ்சுகிறாள் என்று நினைத்திருக்கும் அந்தக் குட்டிகள். வெயில் கடல் மேல் விழுந்து நேராகக் கண்ணாடியில் அடித்தது. அவளுக்கே கண் கூசியது. அவர் எப்படித் தாங்குகிறார்? அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கையுறையால் துடைத்துக்கொண்டார்.

முதல் சிக்னல் தாண்டியது. இரண்டாவது தாண்டியது. அவள் சொன்னாள், அவர் சொன்னார். எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று தோன்றியபோதே, இனி ஒரு தும்மல்கூடத் தும்ம முடியாது என்பதும் தோன்றியது. கண்ணை எடுக்க முடியாது. திரும்ப முடியாது. இந்தக் கம்பியை விட முடியாது.

"நீங்க குராமோச்சி வீட்டம்மாதானே?" நண்டு வியாபாரி அம்மாள் தோளைத் தொட்டாள். "உங்க சிவப்புச் சோறு நானும் சாப்பிட்டேனே. உங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு முழுசா நல்லாயிடுச்சாமே?"

பாதை வளைந்து, எதிரே இன்னொரு பாறை மறைத்தது. அடுத்தது மட்சுகாசே.

"ஆமாங்க. நல்லா..."

"எங்க மச்சானுக்கும் கண்ணுல ஏதோ. எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?"

பாறை விலகியது. ஷின்பெயின் விரல் எழுந்து காற்றில் காத்துக்கொண்டு நின்றது. பின்னால் கேட்கும் குரலுக்காக அந்த விரல் காத்திருந்ததை மிட்சுயோ பார்த்தாள்.

"பச்சை!" என்று கத்திவிட்டாள்.

"மட்சுகாசே சிக்னல், பச்சை!"

வியாபாரி அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன பச்சை?"

"கடல். கடல் இன்னிக்குப் பச்சையா இருக்குன்னு சொன்னேன்."

கடல் செம்பு நிறத்தில் தகதகத்துக்கொண்டிருந்தது. வியாபாரி அம்மாள் கடலைப் பார்த்தாள், ஓட்டுநரைப் பார்த்தாள், அவர் கன்னத்து ஈரத்தைப் பார்த்தாள். நண்டுக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

கனேசகி வந்தது. வண்டி கோட்டில் சரியாக நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், பெண்கள் கையாட்டிக்கொண்டு ஓடினார்கள். மேடையில் இரண்டு பேரும் நின்றார்கள். ஷின்பெயின் முகம் கல்யாணத்தன்று இருந்ததைப் போல இருந்தது. குழந்தை மாதிரி.

"நாளைக்கும் வர்றியா?" என்றார்.

ஆசையாகக் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. நாளை, நாளை மறுநாள், பனி விழும்போது, புது வருஷம் வந்து, அதற்குப் பிறகும். அந்தக் கம்பி, அந்தப் பலகை, காத்திருக்கும் அந்த விரல். அவர் கண் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டே போக, அது அணைவது அவருக்கே தெரியாதபடி இவள் பின்னால் நின்று பச்சை, பச்சை என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அவள் பதில் சொல்வதற்குள் டெப்போ கதவு திறந்தது. இவகுரா எட்டிப் பார்த்தார். கட்டையான மனிதர். எப்போதும் ஒரு பெரிய குவளையில் டீ.

"அண்ணி! நீங்களா? வெளிய நின்னு உறையாதீங்க, உள்ள வாங்க. அண்ணன் ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டு வந்துடுவார்."

உள்ளே சூடாக இருந்தது. மிட்சுயோ சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தாள். ஷின்பெய் மேஜைக்கு முன்னால் போய்த் தொப்பியைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றார். இவகுரா குவளையை ஓரம் வைத்துவிட்டு எழுந்து நின்றார். வேலை முடிகிற ஒவ்வொரு நாளும் நடக்கிற சடங்கு. இதில் அண்ணன் தம்பி கிடையாது.

"குராமோச்சி. வண்டி?"

"வண்டி, குறை இல்லை!"

"வண்டி, குறை இல்லை. பாதை?"

"பாதை, குறை இல்லை!"

"பாதை, குறை இல்லை. உடம்பு?"

ஷின்பெய் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"உடம்பு, குறை இல்லை!"

இவகுரா திருப்பிச் சொல்ல வாயெடுத்தார்.

மிட்சுயோ எழுந்தாள். எழப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. கை தானாக நீண்டது. ஆள்காட்டி விரல் கணவரின் முகத்துக்கு நேராக நின்றது. குரல் வீட்டில் அடுப்புக்கும் கதவுக்கும் வருகிற அதே குரலாக வந்தது, கணீரென்று.

"கண், குறை உண்டு!"

"கண், குறை உண்டு!" என்றார் ஷின்பெய்.

முப்பது வருஷப் பழக்கம். ஒருவர் சுட்டிச் சொன்னால் வாய் தானாகத் திருப்பிச் சொல்லும். எரிகிற அடுப்பை அணைச்சாச்சு என்ற வாய், பாறையைப் பார்த்துப் பச்சை என்ற வாய், அதே வாய்தான். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே கேட்டது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கோபமா, அவமானமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் கை மெல்ல மேலே போய், அந்த வலிக்கிற தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தது.

"என்னை மன்னிச்சிடுங்க," என்றாள் மிட்சுயோ. "நாளைக்கு நான் வர மாட்டேன். நாளைக்கு நாம ஆஸ்பத்திரிக்குப் போறோம். கார் நான் ஓட்டறேன்."

ஷின்பெய் கையுறையை உருவித் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.

இனி இவகுராவின் முறை. ஷிப்ட் தலைவர் திருப்பிச் சொன்னால்தான் எதுவும் பதிவாகும். கண், குறை உண்டு. அந்த மூன்று வார்த்தைக்காக மிட்சுயோ காத்திருந்தாள்.

இவகுரா அதைச் சொல்லவில்லை. திடுக்கிடவும் இல்லை, அண்ணனைக் கேள்வி கேட்கவும் இல்லை. மேஜையைச் சுற்றி நடந்து போய், வெளியே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, டெப்போ கதவைச் சாத்தினார்.

"உக்காருங்க அண்ணி," என்றார் குரலைத் தாழ்த்தி. "அண்ணனுக்கு நண்டு சீசன்ல இருந்து இப்படித்தான்னு எனக்குத் தெரியும்."